உரிமையாளர் வரவேண்டும்

மீன் சந்தையில் பாரை ஒன்றை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. முள்ளிக்குளத்திலிருந்து பெனடிக்ற் ஓடாவியார். வள்ளம் கட்டுகிற தச்சரை எங்கள் பக்கத்தில் ஓடாவியார் என்போம். காரணமில்லாமல் போன் எடுக்கிற மனிதர் அல்ல அவர். "மிஸ், எங்கட கார்க்காரர் போயிட்டார்" என்றார். "காலமை தேத்தண்ணி குடிச்சுப்போட்டுக் கதிரையில இருந்தவர். மேரியக்கா கோப்பையை எடுக்கப் போனா. ஆள் இல்லை." நான் "எந்தக் கதிரையில?" என்று கேட்டேன். ஒருவர் செத்துப்போனார் என்றால் கேட்கிற கேள்வியா அது? ஓடாவியார் அதற்கும் பதில் சொன்னார். "கார்க் கொட்டிலுக்குள்ள இருக்கிற கதிரை, மிஸ். வேற எது?" மீனை வாங்காமலே பஸ் நிலையத்துக்கு நடந்தேன். மீன் வெட்டுகிறவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

வின்சன்ற் அண்ணையைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவரைக் காராலும் கதையாலும் மட்டும் அறிந்தவர்கள் பலர் இருப்பதால், கொஞ்சம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஓடாவியார் கார்க்காரர் என்று சொன்ன அவர் மேரியக்காவின் கணவர், வள்ள எஞ்சின் திருத்துகிறவர். சிலாபத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டி வரைக்கும் அவர் கை படாத எஞ்சின் குறைவு. இங்கிலாந்தில் செய்த பழைய எம்.ஜி. கார் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டே இரண்டு பேர் இருக்கலாம், கூரையை மடக்கி விடலாம், முன் விளக்குகள் தவளைக் கண்போல வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதை அவர் வாழ்நாளில் மூன்று தடவை கழற்றிப் பூட்டினார். மூன்றாவது தடவை பூட்டி முடித்த பிறகு அது ஒரு நாளும் தெருவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்போது நான் கந்தோரில் வாகனப் பத்திரங்கள் பார்க்கிற மேசையில் இருந்தேன். வேலையில் கறாரானவள் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு திங்கட்கிழமை, வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. வெள்ளைச் சேட்டும் சாரமுமாக ஒரு மனிதர் பொலித்தீன் பைக்குள்ளிருந்து சில காகிதங்களை எடுத்து வைத்தார். நகக்கண்களில் கறுப்பு எண்ணெய். "காரின்ர பதிவுப் புத்தகம் இல்லை, மிஸ். புதுசு ஒண்டு எடுக்கவேணும்" என்றார்.

"ஆற்ற பேரில இருக்கு?"

"மகன்ர பேரில."

"பழைய புத்தகம் எங்க?"

"மகனோட போனது."

நான் தலை நிமிரவில்லை. "அப்ப மகனை வரச் சொல்லுங்கோ. உரிமையாளர் வரவேணும்."

"அவர் வர இயலாது, மிஸ்."

"வெளிநாட்டிலயோ?"

"தெரியாது."

"இஞ்ச பாருங்கோ ஐயா, உரிமையாளர் வரவேணும். ஆள் உயிரோட இல்லையெண்டா மரணச் சான்றிதழ் கொண்டுவாங்கோ. வேற வழி இல்லை."

அவர் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு தரம் மடித்தார். "நீங்கள் சொன்ன வசனத்தை நான் முந்தியும் ஒருக்காக் கேட்டனான், மிஸ்" என்றார். வேறொரு கந்தோரிலும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் போனபிறகு வரிசையில் அடுத்து நின்றவரிடம், "ஆக்கள் படிவத்தை வாசிக்கிறேல்லை, வந்து நிண்டு எங்கட உயிரை எடுக்கினம்" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை மறக்க எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

எங்கள் கந்தோர் உதவியாளர் மறிச்சுக்கட்டிக்காரர், நூர்தீன் நானா. பத்து மணித் தேநீரோடு வந்தவர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "அந்த மனிசனுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "அவருக்கிட்டயா அதச் சொன்னீங்க?" என்றார். பிறகு அவர் சொன்ன கதையை அண்ணையும் ஓடாவியாரும் பின்னாளில் சொன்னவற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சண்டை திரும்பத் தொடங்கிய காலம் அது. வாகனங்கள் பறிபோகும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆர் கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய ஒரே மகன் அன்ரன் பெரிய குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தான். சுவாமியாராகப் போகிற பிள்ளையின் பொருளை ஒருவரும் தொடமாட்டார்கள், பங்குக் குருவும் வந்து கதைப்பார் என்று கணக்குப் போட்டு, காரை மகனின் பெயருக்கு மாற்றினார். கத்தோலிக்க ஊரில் பிறந்து வளர்ந்தவர் ஒருவரால்தான் அப்படி ஒரு கணக்குப் போட முடியும். ஊரே அவரை மெச்சியது. இன்னும் இரண்டு குடும்பங்கள், குருமடத்தில் பிள்ளை இல்லையே என்று கவலைப்பட்டனவாம்.

சில மாதங்களில் வாகனங்களைப் பதிய ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் யார் என்று இன்றைக்கும் எழுத எனக்குத் துணிவில்லை. துணிவில்லை என்பதை ஒளிக்கப் போவதும் இல்லை. உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், லொறி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, சொந்தக்காரர்கள் புத்தகத்தோடு வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். அண்ணை, "நான் வாறன், கார் என்னட்டத்தான் நிக்குது" என்று சொல்லிப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், உரிமையாளர் வரவேண்டும் என்றார். அன்ரன் விடுமுறையில் வீட்டில் நின்றான். பதினொரு பேர் போனார்கள். பத்துப் பேர் தலை நரைத்தவர்கள். கையெழுத்து வைத்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பி வந்தார்கள். இளந்தாரி ஒருவன்தான் அங்கே போயிருந்தான். அவனும் பதிவுப் புத்தகமும் வரவில்லை.

நூர்தீன் நானா சொன்ன அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி முள்ளிக்குளம் போனேன். ஊர் என்று சொல்கிறேனே தவிர, அவர்கள் அப்போது இருந்தது ஊருக்குப் பக்கத்தில் காடு வெட்டிய இடத்தில். ஊருக்குள் திரும்பிப் போக இன்னும் விடாததால், சொந்த வீட்டின் கூரை தெரிகிற தூரத்தில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். வழிநெடுக மன்னிப்புக் கேட்கிற வசனங்களைச் சேர்த்துக்கொண்டு போனேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "ஆர்?" என்று குரல் வந்தது. சொன்னேன். "மிஸ்ஸோ? படிவம் ஏதும் விட்டுப்போச்சோ?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். அழுதுவிட்டேன். முப்பது வருடக் கந்தோர் உத்தியோகத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு முன்னால் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். "நீங்கள் பிழையாச் சொல்லேல்லை, மிஸ். சட்டத்தைச் சொன்னனீங்கள். அவங்களும் அதைத்தான் சொன்னவங்கள்." ஆறுதலுக்குச் சொன்னாரா, உறைக்கட்டும் என்று சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மேரியக்கா எனக்குத் தேநீர் தந்தா. கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்தா. என்ன விஷயம் என்று கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு நான் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. பதினொரு வருடம். அவர் கடைசிவரை என்னை "மிஸ்" என்றே கூப்பிட்டார்.

காரை அவர் வாங்கியபோது அது கார் இல்லை. நாட்டை விட்டுப் போன ஒரு டொக்டரின் வளவில் பத்து வருடம் மழையில் நனைந்து கிடந்த தகரக் குவியல். அந்தக் காரின் உடம்பு வெளியேதான் தகரம், உள்ளே எலும்பெல்லாம் மரம் என்பது அதைப் பிரித்த பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். மரம் முழுதும் உக்கிப்போயிருந்தது. இங்கிலாந்து மரத்துக்கு எங்கே போவது? பெனடிக்ற் ஓடாவியாரைக் கூட்டிவந்து காட்டினார். ஓடாவியார் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கவிட்டு வைச்ச வள்ளம்தானே, இதுக்கென்ன?" என்று சொல்லி, வள்ளத்துக்கு வாங்கி வைத்திருந்த மரத்தில் சட்டம் முழுவதையும் செய்து கொடுத்தார். கூரைக்குப் பாய்ச்சீலை. பூச்சுக்கு வள்ளத்துக்கு அடிக்கிற நீலம். மரம் உக்காமல் இருக்க, வள்ளத்துக்குப் பூசுவதுபோலவே சுறா எண்ணெய். வெயில் ஏறினால் கார் மீன்வாடி மாதிரி மணக்கும். கலியாணத்தன்று அதில்தான் மேரியக்காவை வங்காலையிலிருந்து கூட்டிவந்தார். தலையில் போட்டிருந்த நெற் முக்காடு காற்றில் பறந்து உடைமரத்தில் மாட்டிக்கொண்டதாம். "சுறா மணத்தோட நான் கோயிலுக்குள்ள போனன். சுவாமியார் மூக்கைச் சுளிச்சவர்" என்று மேரியக்கா சொல்லுவா. அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

முதற் சண்டைக் காலத்தில் காரைக் கழற்றி ஊர் முழுக்கப் பிரித்து ஒளித்தார். சில்லு ஒரு வீட்டில், கதவு ஒரு வீட்டில். எஞ்சினுக்குக் கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றிக் கோயில் களஞ்சிய அறையில், திருநாளுக்கு எடுக்கிற அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொஞ்சக் காலத்தில், எல்லாச் சாமானும் திரும்பி வந்தது. ஒரு ஆணி குறையவில்லை. இரண்டாந்தரம் பூட்டும்போது அன்ரன் கூட நின்று ஆணி இறுக்குகிற சாவிகளை எடுத்துக் கொடுத்திருக்கிறான். மேரியக்கா மகனுக்கும் அந்தோனியாரின் பெயரைத்தான் வைத்திருந்தா. செவ்வாய்க்கிழமைகளில் அவ மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, எஞ்சினைத் திருப்பித் தந்தவருக்கு இது முடியவில்லையா என்று எனக்குக் கோபம் வரும். அண்ணையிடம் ஒருமுறை அதைச் சொல்லியும் விட்டேன். "அந்தோனியாரைக் குறை சொல்லாதேங்கோ, மிஸ். அவரிட்ட ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கேல்லை" என்றார்.

மகன் போனபிறகு ஊரையும் விட்டுப் போகச் சொன்னார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் அலுமாரி ஏற்ற இருந்த இடத்தில் காரைத் திரும்பவும் கழற்றி ஏற்றினார். அயலவர் ஏசினார்கள். "என்ர சாமான் எண்டால் விட்டிட்டு வருவன். இது மற்றவன்ர சாமான்" என்றாராம். அதன் பிறகு அவர் ஒருபோதும் "என்ர கார்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவன்ர கார்" என்றுதான் சொல்லுவார். அவன் வந்து கார் எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டும், அதுவும் ஓடுகிற நிலையில் காட்ட வேண்டும். மூன்றாந்தரம் அவர் அதைப் பூட்டத் தொடங்கியது அதற்காகத்தான். ஓடினாலும் தெருவில் ஏற்றப் புத்தகம் வேண்டும் என்று வந்த இடத்தில்தான் நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.

ஒரு ஞாயிறு அவர் இரண்டு முழ றப்பர் குழாய் ஒன்றை என்னிடம் தந்தார். அந்த எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒன்றின் வாயிலும் பிறகு மற்றதன் வாயிலும் பிடிக்க வேண்டும். காற்று இழுபடுகிற சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "ரெண்டும் ஒரே மூச்சு விடவேணும், மிஸ். ஒண்டு கூட இழுத்தா மற்றது செத்துப்போம்" என்றார். தேய்ந்துபோன ஒரு பாகத்துக்கு வள்ள எஞ்சின் சாமான் ஒன்றை அரத்தால் உரசி அளவாக்கிப் போட்டிருந்தார். அதைப் பார்த்து, "நீங்கள் பெரிய கெட்டிக்காரன், அண்ணை" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அந்தச் சொல்லை மட்டும் எனக்குச் சொல்லாதேங்கோ. அண்டைக்கும் ஊர் முழுக்க அதைத்தான் சொன்னது." அவ்வளவுதான். குழாயைச் சுருட்டி ஆணியில் கொழுவிவிட்டுக் கை கழுவப் போனார். என் வாய்க்கு இரண்டாம் தடவையும் அடி.

கொழும்பிலிருந்து பழைய கார் சேர்க்கிற ஒருவர் ஒருமுறை வந்தார். கறுப்புக் கண்ணாடி, நல்ல சப்பாத்து. வள்ளத் தச்சர் செய்த சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். உண்மையாகவே காரில் விருப்பமுள்ள மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்கச் சொல்லிக் கேட்டார். புத்தகம் இல்லை, சொந்தக்காரர் இல்லை என்றதும், "அதுக்கென்ன, மரணச் சான்றிதழ் எடுத்தா ஒரு மாசத்தில முடிஞ்சிடும்" என்றார் லேசாக. அண்ணை ஏசவில்லை. சத்தம் போடவும் இல்லை. "கார் தெருவில ஓடவேணும் எண்டதுக்காக என்ர பிள்ளையைச் சாகச் சொல்லுறீங்களோ, தம்பி?" என்று கேட்டார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். தேநீரைக் குடித்து முடிக்காமலே போனார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. நானும் அதையேதான் சொன்னவள்.

பிறகு, காணாமற்போனவர்களுக்கு என்று வேறொரு சான்றிதழ் தருகிறார்கள், அதில் செத்ததாக எழுதத் தேவையில்லை என்று வந்தது. நானே எல்லாப் படிவமும் நிரப்பி எடுத்துக் கொடுத்தேன். அதைக் காட்டிப் பதிவுப் புத்தகம் எடுக்கலாமா என்று கேட்டு அலைந்தேன். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி என்று அறுபது வயதுக்குக் கிட்டப் போய்த்தான் எனக்குத் தெரிந்தது. கால் வலித்தது. அண்ணைதான், "விடுங்கோ, மிஸ். அவன் வந்து எடுக்கட்டும்" என்று நிறுத்தினார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் காரை இயக்குவார். கொட்டிலுக்குள்ளிருந்து முற்றத்துக்குப் பத்தடி முன்னுக்கு எடுப்பார், பத்தடி பின்னுக்கு விடுவார். இடப்பக்க இருக்கையில்தான் தான் இருப்பேன் என்று மேரியக்கா பிடிவாதம் பிடித்தால் அன்றைக்கு மட்டும் ஏற்றுவார். ஓட்டுகிறவருக்கான இடத்தில் அவர் உட்காரும்போது எப்போதும் ஒரு பழைய துவாயை விரித்துக்கொண்டுதான் உட்காருவார். அது அவனுடைய இடம்.

போன வருடம் நெஞ்சுக்குள் நோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது, கட்டிலில் எழும்பி இருந்து, தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மரணத்தைப் பதிவதற்கான விண்ணப்பம். மகனுக்கு. ஆரிடமோ சொல்லி எடுப்பித்திருக்கிறார். "நான் போனபிறகு மேரி தனிய ஒவ்வொரு கந்தோரா ஏறி இறங்கேலாது. செய்யவேண்டியதை நான் செய்துபோட்டுப் போறன். ஆனா இப்ப குடுக்காதேங்கோ. நான் இருக்கேக்க குடுத்தா அவள் என்ர முகத்தைப் பாக்காள். நான் கண்ணை மூடின பிறகு குடுங்கோ" என்றார். "வாசிச்சுப் பாருங்கோ, பிழை இருந்தாத் திருத்தவேணும், நீங்கள் கறாரான ஆள்." கேலிதான். எஞ்சின் இலக்கம் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதியிருந்தார். பெயர், பிறந்த திகதி, தொழில் என்ற இடத்தில் குருமட மாணவன். மரணத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், 'தகப்பனின் கெட்டித்தனம்' என்று எழுதியிருந்தார்.

இப்படி எழுத இயலாது என்று சொல்ல வாய் திறந்தேன். காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். வாழ்க்கையில் ஒரு படிவத்தைத் திருத்தாமல் கையேற்றது அன்றைக்குத்தான்.

அடக்கத்துக்கு மூன்று ஊர்ச் சனம் வந்திருந்தது. பெட்டியை வழக்கம்போல உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள். முன்னுக்குக் கார் போகட்டும், கடைசியாக ஒருதரம் அவருக்காக ஓடட்டும் என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். ஒரு பொலிஸ்காரர்கூட, இன்றைக்கு ஆர் புத்தகம் கேட்கப்போகிறார்கள் என்றார். மேரியக்கா மறுத்துவிட்டா. "அதை ஓட்ட ஆள் இருக்கு. அவர் வந்து ஓட்டட்டும்" என்றா. சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் நடந்தா. என் கைப்பைக்குள் இருந்த காகிதம் எனக்கு அன்று கல்லாகக் கனத்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் நான் அதை மேரியக்காவுக்குக் காட்டினேன். காட்டாமல் கொடுத்திருக்கலாம். அண்ணை அதைத்தான் சொன்னார். ஆனால் ஒரு தாய்க்குத் தெரியாமல் அவளுடைய பிள்ளையைச் சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை. கார்க் கொட்டிலுக்குள் அவருடைய கதிரையில் அவ இருந்தா. கண்ணாடி போட்டு, மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்தா. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அழுவா என்று நினைத்தேன். அழவில்லை.

"இது பிழை, பிள்ளை" என்றா.

"தெரியுமக்கா. அப்பிடி எழுதினா எடுக்கமாட்டினம்."

"அதைச் சொல்லேல்லை. அண்டைக்கு இந்த மனிசன் அவனைப் போக விடேல்லை. நானே போறன், பேரை மாத்தினது நான்தான், அடிச்சா எனக்கு அடிக்கட்டும் எண்டு வாசல்ல நிண்டவர். நான்தான், சுவாமியாராப் போறவனை ஆர் என்ன செய்யப்போகினம், உங்களை எண்டா அடிச்சு முறிச்சுப்போடுவாங்கள், அவன் போகட்டும் எண்டு சொன்னனான். வெள்ளைச் சேட்டை நான்தான் அயன் பண்ணிக் குடுத்தனான்."

"அண்ணை இதை ஒருநாளும் சொல்லேல்லையே, அக்கா" என்றேன்.

"ஓம். பதினெட்டு வருசம். ஒரு சண்டையிலகூடச் சொல்லிக் காட்டேல்லை. ஆர் கேட்டாலும் தன்ர கெட்டித்தனம் எண்டுதான் சொல்லுவார். இஞ்ச பார், சாகப்போகேக்கையும் அதைத்தான் எழுதிவைச்சிருக்கிறார்."

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினா. "குடுக்காதை. கிழிக்கவும் வேண்டாம். நீயே வைச்சிரு" என்றா. அப்போதுதான் அழுதா. நானும் அழுதேன்.

மேசைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் நான் தேங்க விட்டவளில்லை. இது ஒன்று என்னிடம் தேங்கி நிற்கிறது. அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். திருத்தவும் முடியாத, கொடுக்கவும் முடியாத ஒரு படிவம். அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது அவருடைய கெட்டித்தனமும் இல்லை, மேரியக்கா அயன் பண்ணிய சேட்டும் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் ஒருவரும் எந்த மேசைக்கும் வந்ததில்லை. அவர்களை வரச் சொல்லி ஒருவரும் கேட்டதும் இல்லை.

போன ஞாயிறு போயிருந்தேன். எஞ்சின் இறுகிப்போகும், ஒருதரம் இயக்கிப் பார்ப்போம் என்று ஓடாவியார் சொன்னார். மேரியக்கா அந்தப் பழைய துவாயை விரித்து உட்கார்ந்து, சாவியைத் திருப்பினா. மூன்றாந்தரம் பிடித்தது. ஆணியில் கொழுவியிருந்த குழாயை எடுத்து, அண்ணை காட்டித்தந்தபடி ஒன்றில் வைத்தேன், மற்றதில் வைத்தேன். "எப்பிடி, மிஸ்?" என்று கேட்டார் ஓடாவியார்.

"ரெண்டும் ஒரே மூச்சுத்தான்" என்றேன். மேரியக்கா காரைப் பத்தடி முன்னுக்கு எடுத்தா, பத்தடி பின்னுக்கு விட்டா.